பிரேக் ஆறிய பிறகு பரிசோதித்து என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு பெரிய விபத்து நடந்தால் மறுநாள் நாளிதழில் வரும் செய்தியும், காவல் நிலையத்தில் பதிவாகும் எப்.ஐ.ஆரும் அநேகமாக ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றன: ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வாகனத்தை ஓட்டிவந்து மோதினார். வழக்கு நடத்த அது போதும். அதே இடத்தில் அடுத்த மாதம் நடக்கப்போகும் விபத்தைத் தடுக்க அது எந்த விதத்திலும் உதவாது.

தவறு யார் மேல் என்பது நீதிமன்றத்தின் கேள்வி. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும். விபத்து ஏன் நடந்தது, நடந்த விபத்தில் இத்தனை பேர் ஏன் இறந்தார்கள் என்பவை வேறு இரண்டு கேள்விகள். அவற்றை யாரும் முறையாகக் கேட்பதில்லை என்பதுதான் எங்கள் குறை. சாலைப் பொறியியல், வாகன ஆய்வு, லாரிப் பட்டறை என்று வெவ்வேறு பக்கத்திலிருந்து இதைப் பார்க்கிற சிலர் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். மத்திய அரசின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் எழுபது சதவீதத்துக்கு மேற்பட்ட விபத்துகளுக்கு அதிவேகமே காரணம் என்று போட்டிருக்கும். வேகம் ஆளைக் கொல்லும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆனால் அறிக்கையில் ‘அதிவேகம்’ என்று எழுதப்பட்ட எத்தனை விபத்துகளில் அந்த வேகத்தை யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்?

கணக்குப் போடுவது பெரிய வித்தை இல்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்த தடம் தார்ச்சாலையில் 40 மீட்டர் இருக்கிறது, சாலை காய்ந்திருந்தது என்றால், அந்த வண்டி பிரேக் மிதிக்கும்போது குறைந்தது மணிக்கு 84 கி.மீ. வேகத்தில் வந்திருக்கிறது. அதே 40 மீட்டர் தடம் மழை நனைத்த சாலையில் என்றால் 64 கி.மீ.தான். இருபது கி.மீ. வித்தியாசம். சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸார் எழுதும் பார்வை மகஜரில் தடத்தின் நீளமும் இல்லாமல், சாலை ஈரமா காய்ந்ததா என்பதும் இல்லாமல் போனால் இந்தக் கணக்குக்கே வழியில்லை. மாதிரி வரைபடத்தில் இரண்டு கட்டம் போட்டு அம்புக்குறி இட்டால் போதும் என்ற பழக்கம்தான் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டி அழுத்திப் பிரேக் பிடித்தாலும் கறுத்த தடம் விடாது. ‘தடமே இல்லை, ஆகவே டிரைவர் தூங்கிவிட்டார்’ என்று முடிவு கட்டுவது இன்றைய வண்டிகளுக்குப் பொருந்தாது.

தொப்பூர் கணவாயைப் பார்ப்போம். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தருமபுரியிலிருந்து சேலம் போகிற பக்கம் வளைவும் இறக்கமுமாக வரும் இடம். 2020 டிசம்பர் 12-ஆம் தேதி ஏற்கெனவே போக்குவரத்து தேங்கி நின்ற வாகனங்கள் மேல் லாரி மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24-ஆம் தேதி இரட்டைப் பாலத்தில் முன்னால் போன வாகனங்கள் மேல் லாரி மோதியது. ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்தது, கார் எரிந்தது, அதிலும் நான்கு பேர் போனார்கள். இரண்டிலும் இறக்கத்தில் வந்த பாரவண்டி முன்னால் தேங்கிய அல்லது மெதுவாகப் போன வரிசையின் வாலில்தான் மோதியது. இரண்டிலும் வாசகர்கள் காதில் விழுந்தது ‘பிரேக் பிடிக்கவில்லை’, ‘கட்டுப்பாட்டை இழந்தது’ என்கிற பேச்சுதான்.

பிரேக் ஏன் பிடிக்காமல் போகிறது? 40 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் அந்த இறக்கத்தின் சக்தி எங்காவது போயாக வேண்டும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓடும் அதே லாரியை நான்கு முறை முழுசாக நிறுத்துவதற்கு எவ்வளவு வெப்பம் உண்டாகுமோ அவ்வளவு இந்த 100 மீட்டரில் உண்டாகும். அடுப்பில் வைத்தால் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடும். இன்ஜின் இதில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டால் பிரேக்குக்கு வேலை குறைவு. நியூட்ரலில் விட்டுவிட்டால் முழுவதும் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம் தலையில்தான்.

டிரம் சூடேறினால் இரண்டு காரியம் நடக்கிறது. டிரம்மின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கின் தரத்தைப் பொறுத்து 300 டிகிரி வாக்கில் அதன் பிடிமானம் குறைய ஆரம்பிக்கும். லைனர் கருகிய வாடை வரும், மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்துப் போகும். கூடவே இரும்பு டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். ஷூ கூடுதல் தூரம் நகர்ந்தால்தான் டிரம்மைத் தொடும். அதற்கு, காற்றழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் ஏர் சேம்பரின் புஷ் ராட் (தள்ளுக்கம்பி) கூடுதலாக வெளியே வர வேண்டும். இந்த இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரியாக வைக்காத வண்டியில் புஷ் ராட் ஏற்கெனவே கடைசி வரை வந்துதான் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். சமதளத்தில் இது தெரியவே தெரியாது. கணவாயில், டிரம் விரிந்த அந்த நேரத்தில், மிதி முழுக்க அழுத்தியும் ஒன்றும் நடக்காது.

காற்று தீர்ந்துபோய் பிரேக் போனது என்றும் சிலர் சொல்வார்கள். ஸ்பிரிங் பிரேக் (காற்றழுத்தம் விலக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங்கால் பிடிக்கும் பிரேக்) உள்ள லாரியில் காற்று அறவே தீர்ந்தால் பின்சக்கரம் தானாகப் பூட்டிக்கொள்ளும். வண்டி நிற்குமே தவிர ஓடாது. ஆகவே கணவாயில் ஓடிப்போன லாரி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெப்பத்தையும் அட்ஜஸ்ட்மென்டையும். காற்றுக்கும் பங்கு உண்டு: நியூட்ரலில் ஐடிலில் இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் கம்ப்ரஸரும் மெதுவாகவே காற்று ஏற்றும். டிரைவர் பதறிப்போய் மிதியை விட்டுவிட்டு அடித்தால் டேங்க்கில் உள்ள அழுத்தம் மளமளவென்று இறங்கும். பஸர் கத்த ஆரம்பிக்கும்போது நேரம் கடந்திருக்கும்.

நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. பழைய பம்ப் இன்ஜின் காலத்தில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கலாம். இப்போதைய காமன் ரெயில் இன்ஜினில் கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் டீசல் பாய்ச்சலே நின்றுவிடும். நியூட்ரலில் ஐடில் ஓடத்தான் டீசல் செலவாகும். அதாவது கியரில் இறங்கினால்தான் மிச்சம். மைலேஜ் கணக்கு கேட்கும் முதலாளிகள் இதை டிரைவர்களுக்குச் சொன்னால் போலீஸ் ஒலிபெருக்கி சொல்வதைவிட நூறு மடங்கு வேலை செய்யும்.

கியரை இறக்கத்தின் உச்சியிலேயே மாற்ற வேண்டும். அந்த மேட்டை ஏற எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியர், புது வண்டியாக இருந்தால் அதற்கும் ஒன்று கீழே. பாதி இறக்கத்தில் வேகம் ஏறிய பிறகு கீழ் கியருக்குத் தள்ளப் பார்த்தால் கியர் விழாது. வண்டி நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும். தொடர்ந்து ஓடிப்போகும் லாரிகளில் இப்படி மாட்டியவையும் உண்டு. புகை வெளியேறுவதை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்ச் இருந்தால் போட்டுவிட வேண்டும். பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே இறங்காமல், வேகம் வரம்பைத் தொட்டதும் அழுத்தி 10 கி.மீ. குறைத்து, விட்டு, மறுபடி ஏறியதும் அழுத்த வேண்டும். இடையில் டிரம் மூச்சு வாங்கும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதே என்று நம்பவும் கூடாது. அது இன்ஜினுக்குப் போகும் எரிபொருளைத்தான் குறைக்கும். இறக்கத்தில் நியூட்ரலில் ஓடும் வண்டியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

பாரம் கூடினால் வெப்பமும் அதே விகிதத்தில் கூடும். 2018-ல் திருத்தப்பட்ட வரம்புப்படி பத்து சக்கர லாரியின் மொத்த எடை 28.5 டன். அதை 35 டன் ஏற்றி இறக்கினால் பிரேக் தாங்க வேண்டிய வெப்பம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் கட்டை ஏற்றும் வண்டிகளில் எடையைக் கண்ணால் மதிப்பிடுவது பெரிய ஆபத்து. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஒரே கல் ஏறத்தாழ 24 டன் வரும். தளத்தில் பாதி காலியாகத்தான் தெரியும்.

இனி தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறோம். விபத்தில் சிக்கிய லாரியைக் கிரேன் வைத்து இழுத்து ஓரம் கட்டி, மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்ப்பதற்குள் பெரும்பாலும் ஒரு நாள் ஆகிவிடும். அதற்குள் டிரம் ஆறிச் சுருங்கி, ஷூவுக்குப் பக்கத்தில் பழையபடி வந்து உட்கார்ந்திருக்கும். மிதித்தால் பிரேக் பிடிக்கும். ‘இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை’ என்று சான்று எழுதுவார். பொய் இல்லை, அவர் பார்த்த நேரத்தில் கோளாறு இல்லைதான். கோளாறு இல்லையென்றால் பழி டிரைவர் மேல். கோப்பு மூடப்படும். அட்ஜஸ்ட் செய்யாத வண்டியை அனுப்பியவரும், அதிக பாரம் ஏற்றியவரும், இறக்கத்தில் தேக்கம் உண்டாகும்படி தடுப்பு வைத்தவரும் கோப்புக்கு வெளியே நிற்பார்கள்.

ஆறிய பிறகும் தடயம் முழுசாக அழிவதில்லை, தேடத் தெரிந்தால். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். டிரம்மின் உட்புறம் நீலம் பாய்ந்திருந்தாலோ மயிரிழை விரிசல் ஓடியிருந்தாலோ அது மிகையான வெப்பத்தின் கையெழுத்து. (சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றுகிற பழக்கத்தாலும் இந்த விரிசல் வரும், அதைத் தாபாக்களில் பலரும் செய்கிறார்கள், செய்யக் கூடாது.) லைனிங் பளபளத்திருக்கிறதா, ஹப் கிரீஸ் ஒழுகி ஊறியிருக்கிறதா, ஒரே ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி லைனிங்கா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு சக்கரத்திலும் புஷ் ராட் எத்தனை மில்லிமீட்டர் வெளியே வருகிறது என்று அளந்து எழுத வேண்டும். கியர் லிவர் எங்கே நிற்கிறது என்பதை மீட்பு வேலை தொடங்கும் முன்பே ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும்; கிரேன்காரர் இழுக்க வசதியாக முதலில் நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவார், அதோடு மிக முக்கியமான சாட்சி போய்விடும். இவை அத்தனையும் ஒரு மெக்கானிக்கும் ஒரு ஸ்பேனர் செட்டும் ஸ்கேலும் இருந்தால் மூன்று மணி நேர வேலை.

டயர் வெடித்ததால் விபத்து என்ற முடிவும் இப்படித்தான். மோதிய வேகத்திலும் டயர் வெடிக்கும். முன்பே வெடித்திருந்தால் ரிம் தார்ச்சாலையைச் சுரண்டிய கோடு மோதிய இடத்துக்கு முன்பே தொடங்கியிருக்கும். காற்றுக் குறைவாக வெகுதூரம் ஓடிய டயராக இருந்தால் பக்கச்சுவரின் உள்ளே ரப்பர் பொடியாக உதிர்ந்து கிடக்கும். டயரைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பும் முன் யாராவது உள்ளே கை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டிரைவர் எத்தனை மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதற்கு இன்று யூகம் தேவையே இல்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வரம்பு போட்டது. பாஸ்டேக் பதிவில் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியை எப்போது தாண்டினார், பாளையம் சுங்கச்சாவடியை எப்போது தாண்டினார், அதற்கு முன் எந்த மாநிலத்தில் எந்தச் சாவடி என்று நிமிடக் கணக்கில் கிடைக்கும். இரண்டு சாவடிக்கு நடுவே உள்ள தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகமும் கிடைக்கும். வண்டியில் ஜி.பி.எஸ். இருந்தால் இன்னும் நல்லது. சி.சி.டி.வி. பதிவுகள் சில வாரங்களில் அழிந்து மேலெழுதப்பட்டுவிடும் என்பதால் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். கேட்கிறார்களா?

சாலையின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். இறக்கத்தில் வேகத்தைக் குறைக்க வைக்கும் தடுப்புகளும் அதிர்வுக் கோடுகளும் நல்ல எண்ணத்தில் வைக்கப்படுபவை. ஆனால் வளைவுக்கு அப்பால், பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வரிசை தேங்கினால், அதுவே பொறியாகிவிடும். மணிக்கு 100 கி.மீ. வேகத்துக்கு இந்திய சாலை காங்கிரஸ் வைத்திருக்கும் நிறுத்தப் பார்வைத் தூரம் 180 மீட்டர்: கண்ணில் பட்டு மூளை முடிவெடுக்க இரண்டரை நொடியில் ஓடும் தூரம் 70 மீட்டர் வாக்கில், மீதி பிரேக் பிடித்து நிற்க. இது சமதளக் கணக்கு. இறக்கத்தில் இன்னும் நீளும். தடுப்பு எங்கே வைக்கிறோம் என்பதைவிட, அதனால் உண்டாகும் வரிசையின் வால் எங்கே முடியும் என்பதைத்தான் அளந்து பார்க்க வேண்டும்.

ஓடிப்போகும் லாரியைப் பிடிக்கும் கூழாங்கல் படுகை கணவாய்ச் சாலைக்கு அவசியம். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே அளவான உருண்டைக் கற்கள்தான் போட வேண்டும். உடைத்த ஜல்லியைக் கொட்டினால் மூலைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நாளாவட்டத்தில் சாலை மாதிரி இறுகிவிடும், சக்கரம் புதையாது. ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம் வேண்டும், அவ்வப்போது கிளறி விட வேண்டும், மண் சேராமல் வடிகால் வேண்டும். ஒரு முறை கட்டிவிட்டு மறந்துபோனால் அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு அது படுகையே இல்லை.

தொப்பூரில் சுமார் 6.6 கி.மீ. நீளத்துக்கு 775 கோடி ரூபாயில் உயர்மட்டச் சாலைத் திட்டம் வந்திருக்கிறது. வளைவுகளின் ஆபத்தை அது குறைக்கும், வரவேற்கிறோம். ஆனாலும் மேலிருந்து கீழே இறங்க வேண்டிய உயரம் அப்படியேதான் இருக்கும். பிரேக்குக்குப் போகும் மொத்த வெப்பத்தை முடிவு செய்வது உயரமும் எடையும். சாலை எவ்வளவு நேராக இருக்கிறது என்பதல்ல. நேரான சாலையில் டிரைவர்கள் இன்னும் வேகமாக இறங்குவார்கள் என்றால் டிரம் ஆறக் கிடைக்கும் நேரமும் குறையும். இறக்கம் தொடங்கும் முன்பே லாரிகள் ஒதுங்கி நின்று பிரேக்கைத் தொட்டுப் பார்க்க ஓர் இடம், அங்கே கட்டாய நிறுத்தம், எடைமேடை ஆகியவை புதிய சாலையோடு சேர்ந்தே வர வேண்டும்.

கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் பக்கம் கதை வேறு. அங்கே இரவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஓடும் லாரியைவிட நிற்கும் லாரிதான். தாபாவுக்கு முன்னால், பஞ்சர் கடைக்கு முன்னால், பாதி வண்டி ஓரத்திலும் பாதி வண்டி சாலையிலுமாக விளக்கை அணைத்துவிட்டு நிற்கும். காரின் டிம் விளக்கு ஐம்பது மீட்டர் வாக்கில்தான் துலக்கமாகக் காட்டும். 80 கி.மீ. வேகத்தில் அந்த ஐம்பது மீட்டர் இரண்டேகால் நொடி. பார்த்து, புரிந்து, காலை நகர்த்துவதற்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே ‘கார் அதிவேகமாக வந்து நின்ற லாரியில் மோதியது’ என்ற செய்தி பாதி உண்மை. சட்டம் அனுமதித்த வேகத்திலும் அந்த மோதல் நடந்திருக்கும்.

அப்படி மோதினால் காரில் இருப்பவர்கள் ஏன் பிழைப்பதில்லை என்பது இன்னொரு கேள்வி. காரின் முன்பகுதி மோதல் சக்தியை வாங்கிக்கொண்டு நசுங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. லாரியின் தளம் அதைவிட உயரத்தில் இருக்கிறது. பம்பரும் பானெட்டும் லாரிக்கு அடியில் நுழைந்துவிட, தளத்தின் விளிம்பு நேரே கண்ணாடியில், தலை மட்டத்தில் வந்து அடிக்கும். ஏர்பேக்கோ சீட் பெல்ட்டோ அங்கே பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இதைத் தடுக்கத்தான் லாரியின் பின்னால் அடித்தடுப்புக் கம்பி கட்டாயமாக்கப்பட்டது. பல வண்டிகளில் அது ஒரு தகடாகவோ வெல்டிங் விட்டுப்போய்த் தொங்கும் குழாயாகவோதான் இருக்கிறது. எப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கும் முன் மாட்டி, பிறகு கழற்றிவைக்கிறவர்களும் உண்டு. பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் ஒளிரும் பட்டை ஒட்டியிருந்தால் காரின் விளக்கில் நூற்றுக்கணக்கான மீட்டருக்கு முன்பே மின்னும். அழுக்கு மூடியிருந்தால் இருந்தும் இல்லாத கணக்கு. ஒரு துணியை நனைத்துத் துடைக்க இரண்டு நிமிடம் போதும். பிரேக்டவுன் ஆன வண்டிக்குப் பின்னால் கல்லும் மரக்கிளையும் வைக்கிற வழக்கத்தை விட்டு, முக்கோணத்தைக் குறைந்தது நூறு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். வண்டியை எடுக்கும்போது கல்லையும் விட்டுப் போகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல.

லாரிகள் நிற்க இடம் கொடுக்காமல் நிற்காதே என்று சொல்வதும் சரியல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, விபத்துக் காரணங்களை ஆழமாக ஆராய்வதற்கும், நெடுஞ்சாலையோரம் லாரி நிறுத்த வளாகங்கள் அமைப்பதற்கும் மாநில அரசு திட்டம் வகுக்கலாம் என்று ஒரே மூச்சில் சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள தொடர்பு தெரிந்திருக்கிறது.

ஊர்களை இரண்டாகப் பிளந்து போகும் சாலைகளில் இறப்பவர்கள் இருசக்கர வாகனக்காரர்களும் நடந்து கடப்பவர்களும். காவேரிப்பட்டணமோ காரிமங்கலமோ, வயல் ஒரு பக்கம், வீடு மறு பக்கம். அடுத்த திருப்பம் இரண்டு கி.மீ. தள்ளி என்றால், தக்காளிக் கூடையோடு மொபெட்டில் வருபவர் ராங் சைடில்தான் வருவார். அவரைத் திட்டலாம், அபராதம் போடலாம், நாளையும் அப்படித்தான் வருவார். இருபுறமும் சர்வீஸ் ரோடு தொடர்ச்சியாக இருக்கிறதா, கீழ்ப்பாலத்தில் மழைத்தண்ணீர் தேங்கி யாரும் போக முடியாமல் கிடக்கிறதா என்பதை விபத்து அறிக்கையில் ஒரு வரியாவது எழுதினால்தான் அது நெடுஞ்சாலை ஆணையத்தின் மேஜைக்குப் போய்ச் சேரும்.

இறப்புக்குக் காரணத்தை எழுதும் இடத்தில் ‘விபத்துக் காயம்’ என்பதோடு நின்றுவிடுகிறோம். தலைக்கவசம் இருந்ததா, கழுத்துப் பட்டி மாட்டியிருந்ததா, மோதியதும் கழன்று ஓடியதா? பின்சீட்டில் இருந்தவர் பெல்ட் போடாமல் முன்சீட்டுக்காரர் மேல் விழுந்தாரா? சாலையோர இரும்புத் தடுப்பான கிராஷ் பேரியரின் முனை காருக்குள் பாய்ந்ததா? பேரியரின் முனையை வெளிப்புறம் வளைத்து மண்ணில் புதைக்காமல் சாலையைப் பார்த்து நீட்டி விட்டால் அது ஈட்டிதான். 108 எத்தனை மணிக்கு அழைக்கப்பட்டது, எத்தனை மணிக்கு வந்தது, தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போன பின் மறுபடியும் சேலத்துக்கோ பெங்களூருக்கோ மாற்றப்பட்டாரா? 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணத் தடை விலகியது. நேரத் தடை எங்கே இருக்கிறது என்பது இந்தப் பதில்களில்தான் தெரியும்.

ரயில் விபத்து நடந்தால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து விசாரிக்கிறார். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். தன் குறையைத் தானே விசாரிக்கக் கூடாது என்பதற்காக அப்படி. சாலையில் வழக்குப் போடுகிற அதே அதிகாரிதான் காரணமும் எழுதுகிறார். குற்றவாளியைத் தேடும் கண்ணுக்குச் சாலையின் சரிவு தெரியாது. அவர் மேல் குறை இல்லை, அவர் பயிற்சி அதற்கானது அல்ல.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 198-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. சாலை வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ பாதுகாப்புத் தரம் மீறப்பட்டு உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால் சம்பந்தப்பட்ட அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். எப்.ஐ.ஆரில் சாலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத வரை இந்தப் பிரிவு புத்தகத்திலேயே தூங்கும்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை, மருத்துவம் ஆகிய நான்கு துறைகளும் பதிவிட வேண்டிய மின்னணு விபத்துப் பதிவேடு சென்னை ஐ.ஐ.டி.யின் உதவியோடு உருவாகி நடைமுறையில் இருக்கிறது. நான்கு பேரும் தனித்தனி நாளில், தனித்தனி அறையில் உட்கார்ந்து நிரப்புவதற்குப் பதிலாக, இருவருக்கு மேல் இறந்த ஒவ்வொரு விபத்துக்கும் 24 மணி நேரத்துக்குள் ஒன்றாகச் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும். கூடவே பிரேக் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக். அவர்கள் கண்டதை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழு முப்பது நாளில் வெளியிட வேண்டும். டிரைவர், உரிமையாளர் பெயர் தேவையில்லை.

விபத்து அடிக்கடி நடக்கும் இடங்களை, அதாவது கரும்புள்ளிகளை, அடையாளம் காணும் முறையையும் மாற்றிப் பார்க்கலாம். 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ உள்ள ஐந்து விபத்து அல்லது பத்து மரணம் நடந்தால்தான் அது கரும்புள்ளி. பத்துப் பேர் சாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிராஷ் பேரியரை எங்கெங்கே எத்தனை முறை மாற்றினார்கள் என்ற பராமரிப்புப் பில்லைப் பாருங்கள். யாரும் சாகாததால் வழக்காகாத மோதல்கள் எல்லாம் அதில் கி.மீ. கணக்கோடு இருக்கும். மூன்று முறை பேரியர் மாற்றிய இடத்துக்கு நான்காவது முறை பேரியர் போடுவதற்கு முன் ஒரு பொறியாளரை அனுப்பலாம்.

கடைசியாக உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். விபத்துச் செய்தியில் ‘தருமபுரி அருகே’ என்று போடும் இடத்தில் கி.மீ. கல்லின் எண்ணையும், எந்தப் பக்கம் போகும் தடம் என்பதையும், நேரத்தையும், சாலை ஈரமாக இருந்ததா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். நின்ற லாரி என்றால் விளக்கு எரிந்ததா, ஒளிரும் பட்டை இருந்ததா என்று உங்கள் செய்தியாளர் ஒரு கேள்வி கேட்கட்டும். கணவாய் விபத்து என்றால் கியர் லிவர் தெரியும்படி கேபினுக்குள் ஒரு படம் எடுத்து வைக்கட்டும். அச்சிடத் தேவையில்லை, ஆய்வாளர் கேட்டால் கொடுக்க இருக்கட்டும்.

இப்படிக்கு,
சாலைப் பொறியியல், வாகன ஆய்வு, லாரிப் பட்டறைத் தொழில் சார்ந்த வாசகர்கள் சிலர்,
தருமபுரி.